பட்பட்டியும் பட்டையும்

1998-க்கு முன்னால் தில்லிக்கு வந்து சேர்ந்த தமிழர் யாரிடமாவது ‘பட்பட்டி’ என்று சொல்லிப் பாருங்கள். முதலில் காதைப் பொத்திக் கொள்வார்கள், பிறகு சிரிப்பார்கள். கனாட் பிளேஸில் ஏறி சாந்தினி சௌக்கில் இறங்குவதற்குள் இடுப்பு எலும்பு ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட கதை வரும். கரோல்பாக் மாமாக்களிடம் கேட்டால் கூடவே டிரைவர் சர்தார்ஜியின் தாடி வர்ணனையும் இலவசம்.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். முன்பாதி ஒரு பழைய அமெரிக்க ராணுவ மோட்டார் சைக்கிள். அகலமான ஹேண்டில் பார், பெட்ரோல் டேங்க், பெரிய ஹெட்லைட், அதன்மேல் கால் பரப்பி உட்கார்ந்திருக்கும் டிரைவர். பின்பாதி, தகரக் கூரை போட்ட ஒரு பெட்டி, கீழே இரண்டு சக்கரம். நாலு பேருக்கு என்று கட்டியதில் ஆறு பேர், நல்ல நாளில் அதற்கும் மேல். சத்தத்தை வைத்தே பெயர். ஹிந்திக்காரர்கள் ‘ஃபட்ஃபட்டி’ என்பார்கள். நமக்கு நாக்கு வளைகிறபடி பட்பட்டி.

பட்பட்டியைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் முன்பாதியைத்தான் எழுதுகிறார்கள். “அடடா, ஹார்லி-டேவிட்சன் ஆட்டோ!” என்று வாய் பிளப்பதோடு கட்டுரை முடிந்துவிடும். எனக்கு அதில் அவ்வளவு சுவாரசியம் இல்லை. முன்பாதியை மில்வாக்கியில் ஒரு பெரிய கம்பெனி செய்தது. பின்பாதியைச் செய்தது யார்? பெயர் தெரியாத பழைய தில்லி மெக்கானிக்குகள். வரைபடம் இல்லை, கணக்கு நோட்டு இல்லை. வண்டிகளின் அடிப்பாகத்துக்கு ஸ்பிரிங் கணக்குப் போட்டுச் சம்பளம் வாங்கும் ஆசாமி என்பதால் என் கண் பின்பாதியில்தான் போய் நிற்கிறது. ஆகவே இந்தப் பதிவு முழுக்க வண்டிக்குப் பின்னால்தான் நடக்கப் போகிறது.

முதலில் கொஞ்சம் யுத்தக் கதை. இரண்டாம் உலகப் போருக்காக ஹார்லி-டேவிட்சன் கம்பெனி டபிள்யூ.எல்.ஏ. என்ற மாடலைத் தயாரித்தது. ‘வி’ வடிவத்தில் இரண்டு சிலிண்டர், 45 கன அங்குலம், அதாவது சுமார் 740 சிசி. கியர் டேங்கின் ஓரத்தில், கையால் போட வேண்டும். கிளட்ச் காலில். (நம் ஊர் புல்லட்டில் பழகியவர் ஏறினால் முதல் முக்கில் அழுதுவிடுவார்.) அமெரிக்க, கனடிய ராணுவங்களுக்கான வகைகளைச் சேர்த்தால் சுமார் 90,000 வண்டிகள். சோவியத் யூனியனுக்கு மட்டும் ஏராளமாகப் போயிற்று. பர்மா, சீனப் போர்முனைகளுக்கு இந்தியாதான் பின்தளமாக இருந்தது என்பதால் லாரி, ஜீப், பைக் என்று எல்லாம் இங்கே வந்து குவிந்தன. யுத்தம் முடிந்ததும் திருப்பிக் கொண்டுபோகிற செலவுக்கு விற்றுத் தொலைப்பதே மேல் என்று ஆயிற்று.

1947 வந்தது. மேற்கு பஞ்சாபிலிருந்து வீடு, வாசல், கடை எல்லாவற்றையும் விட்டுவிட்டு லட்சக்கணக்கானவர்கள் தில்லிக்கு வந்து இறங்கினார்கள். 1941-ல் ஒன்பது லட்சம் சொச்சமாக இருந்த தில்லியின் மக்கள் தொகை 1951-ல் பதினேழு லட்சத்தைத் தாண்டிவிட்டது. அத்தனை பேருக்கும் பிழைப்பு வேண்டும், அத்தனை பேரும் எங்காவது போய் வரவும் வேண்டும். இருந்த பஸ் போதாது. ஒரு பக்கம் கேட்பாரற்ற ராணுவ பைக்குகள், இன்னொரு பக்கம் கையில் தொழில் தெரிந்த, இழக்க ஒன்றும் இல்லாத ஆட்கள். சுதந்திரத்துக்குக் கொஞ்ச நாள் கழித்து தில்லியில் ஒரு ராணுவக் கிடங்கில் கிடந்த ஹார்லிகளைச் சிலர் வாங்கினார்கள், வில்லிஸ் ஜீப்பின் கியர் பாக்ஸ் ஒன்றைச் சேர்த்தார்கள், பின்னால் ஆள் உட்காரும் பெட்டியை வெல்டிங் வைத்தார்கள் என்பதுதான் வழிவழியாகச் சொல்லப்படும் கதை.

கதையில் அந்த ஜீப் கியர் பாக்ஸை எல்லோரும் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிறார்கள். எனக்கு அங்கேதான் விஷயமே இருக்கிறது. ஏன் என்று பார்ப்போம்.

டபிள்யூ.எல்.ஏ. பைக்கில் பின்பக்க சஸ்பென்ஷன் என்று ஒன்று கிடையவே கிடையாது. முன்சக்கரத்துக்கு ஸ்பிரிங் உண்டு. பின்சக்கரம் சட்டத்தோடு சட்டமாக இறுகப் பொருத்தப்பட்டிருக்கும். ஓட்டுபவரின் இடுப்பைக் காப்பாற்ற சீட்டுக்கு அடியில் ஸ்பிரிங் வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். தன் பெரிய பைக்குகளுக்கு ஹார்லி பின்பக்க சஸ்பென்ஷன் கொடுத்தது 1958-ல்! சின்ன மாடல்களில் 1952-ல் வந்தது. நம் ராயல் என்ஃபீல்ட் புல்லட் இந்த விஷயத்தில் முந்திக்கொண்டது. 1940-களின் கடைசியிலேயே பின்பக்கம் ஆடும் கையோடு வந்துவிட்டது. 1955-ல் மெட்ராஸில் அதைப் பூட்ட ஆரம்பித்தபோது நம்மவர்கள் கைக்கு வந்தது அந்தக் காலத்துக்கு நவீனமான பின்பாதி. ஆக, பழைய தில்லி மெக்கானிக் எதிரில் இருந்தது ஒரு சிப்பாயையும் அவர் மூட்டையையும் சுமக்கச் செய்த, பின்னால் ஸ்பிரிங்கே இல்லாத ஒரு பைக். அதன் தலையில் ஆறு பேரை ஏற்ற வேண்டும்.

ஒரு கணக்குப் போடுவோம். ஆளுக்கு 60 கிலோ என்றால் ஆறு பேர் 360 கிலோ. பெட்டி, கூரை, அச்சு எல்லாம் சேர்த்து இன்னொரு 200, 250. ஸ்பிரிங் இல்லாமல் இதை இறுக்கமான சட்டத்தில் ஏற்றி செங்கோட்டை வாசல் குழிகளில் விட்டால் பயணி செத்தான் என்பது இருக்கட்டும், சட்டமே வெல்டிங் பிட்டுக்கொண்டு இரண்டாகிவிடும். ஸ்பிரிங் என்பது சொகுசுக்கு மட்டும் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். இரும்பைக் காப்பாற்றுவதுதான் அதன் முதல் வேலை.

சரி, ஸ்பிரிங் வைத்துவிடலாமே என்றால் அடுத்த சிக்கல் செயின். பைக்கில் இன்ஜின் சக்தி செயின் வழியாகப் பின்சக்கரத்துக்குப் போகிறது. செயின் ஓட வேண்டுமானால் கியர் பாக்ஸ் பல்சக்கரத்துக்கும் பின் பல்சக்கரத்துக்கும் நடுவில் உள்ள தூரம் மாறவே கூடாது. ஸ்பிரிங் வைத்தால் அச்சு மேலும் கீழும் போகும், தூரம் மாறும். செயின் தொளதொளத்துக் கழன்று விழும், இல்லையென்றால் விறைத்து அறுந்து போகும். சைக்கிளில் செயின் கழன்றால் ஓரமாக நிறுத்தி மாட்டிக்கொள்ளலாம். ஆறு பேரோடு மின்டோ பாலத்துக்கு அடியில் நின்றால் என்ன ஆகும்?

ஜீப் கியர் பாக்ஸ் இங்கேதான் வருகிறது. ஹார்லி இன்ஜினையும் ஜீப் கியர் பாக்ஸையும் இரண்டையும் சட்டத்தில் பூட்டிவிட்டால் அவற்றுக்கு நடுவே தூரம் மாறாது. அதற்குப் பின்னால் ஜீப்பில் இருப்பதைப் போல ஒரு ப்ரொபெல்லர் ஷாஃப்ட், இரண்டு முனையிலும் சிலுவை ஜாயின்ட், நடுவில் நீண்டு சுருங்கும் பகுதி. அச்சு எவ்வளவு ஆடினாலும் ஷாஃப்ட் வளைந்து கொடுத்துச் சுற்றிக்கொண்டே இருக்கும். அச்சின் நடுவில் டிஃபரென்ஷியல் இருந்தால் வளைவில் வெளிச்சக்கரம் அதிகமாகவும் உள்சக்கரம் குறைவாகவும் சுற்றும், டயர் தேயாது. கொசுறாக ரிவர்ஸ் கியரும் கிடைக்கிறது. நெரிசலான சாந்தினி சௌக்கில் ரிவர்ஸ் இல்லாத மூன்று சக்கர வண்டியைத் திருப்பிப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும். கியர் பாக்ஸ் கதை உண்மையென்றால், அது கையில் கிடைத்ததை ஒட்டவைத்த வேலை இல்லை. யோசித்துச் செய்த வேலை.

இதே யோசனை ஹார்லி கம்பெனிக்கே முன்னால் வந்திருந்தது என்பது வேடிக்கை. 1932 முதல் 1973 வரை ‘சர்வி-கார்’ என்ற மூன்று சக்கர வண்டியை அவர்கள் விற்றார்கள். இதே 45 கன அங்குல இன்ஜின், பின்னால் கார் மாதிரி டிஃபரென்ஷியல் அச்சு. அமெரிக்க நகரங்களில் போலீஸ்காரர்கள் அதில் போய்த்தான் தப்பான இடத்தில் நிறுத்திய கார்களுக்கு அபராதச் சீட்டு கிழித்தார்கள். தொழிற்சாலை ஒன்று வருஷக்கணக்கில் செய்ததைப் போன்ற வேலையைத்தான் இங்கே நடைபாதையில் ஒரு கேஸ் வெல்டரும் இரண்டு உதவிப் பையன்களும் செய்துகொண்டிருந்தார்கள்.

இனி பட்டைக்கு வருவோம். (பட்டை என்றதும் நெற்றியில் போடுவதையோ, சாராயத்தையோ நினைத்தவர்கள் கடைசி பெஞ்சுக்குப் போகவும் :-)) நம் ஊர் லாரி ஷெட்டுகளில் லீஃப் ஸ்பிரிங்கைப் பட்டை என்பார்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வளைந்த எஃகுத் தகடுகள். மேலே நீளமானது, கீழே போகப் போகக் குட்டை. தில்லியில் இதற்குப் பெயர் ‘கமானி’. டிரான்ஸ்போர்ட் நகர் பக்கம் போனால் கமானி வேலைக்கென்றே தனிக் கடைகளைப் பார்க்கலாம். கமான் என்றால் பாரசீகத்தில் வில். இப்போது நம் ஊருக்குப் போங்கள். பண்ணையார் வீட்டில் நின்ற, மெத்தை விரித்த கூட்டு மாட்டு வண்டிக்கு என்ன பெயர்? வில்வண்டி! அச்சுக்கும் கூண்டுக்கும் நடுவே இந்த வில்லை வைத்ததால்தான் அந்தப் பெயர். சாதாரணக் கட்டை வண்டியில் நெல் மூட்டை போகும், வில்வண்டியில் மனுஷர்கள் போவார்கள். பாரசீகக்காரருக்கும் தமிழருக்கும் அந்த இரும்பைப் பார்த்ததும் ஒரே விஷயம்தான் தோன்றியிருக்கிறது.

இங்கிலாந்தில் ஒபதையா எலியட் என்பவர் கோச் வண்டிகளுக்கான நீள்வட்ட வில்லுக்கு 1804-ல் காப்புரிமை வாங்கினார். அதற்குப் பிறகுதான் குதிரை வண்டிகள் நிஜமாகவே இலகுவாயின. தில்லி டாங்காவிலும் அதே வில். பட்பட்டி வருவதற்கு வெகு காலம் முன்பே பழைய தில்லியில் டாங்கா ரிப்பேர் செய்கிற கொல்லர்களுக்கு இந்த வித்தை தண்ணீர் பட்ட பாடு என்பதை இங்கே கவனிக்க வேண்டும். ஹார்லிக்குப் பின்னால் என்ன வைப்பது என்று அவர்கள் அமெரிக்கப் புத்தகத்தைப் புரட்டத் தேவையே இல்லை.

பட்டையின் பெரிய சிறப்பு, ஒரே சாமான் மூன்று வேலை செய்கிறது. பாரத்தைத் தாங்குகிறது. அச்சு முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நகராமல் பிடித்து வைக்கிறது. மூன்றாவதாக, தகடுகள் ஒன்றோடொன்று உரசுவதால் ஆட்டத்தைத் தானே அடக்குகிறது, அதனால் ஓரளவுக்கு ஷாக் அப்சார்பர் இல்லாமலே சமாளிக்கலாம். சுருள் ஸ்பிரிங் வைத்தால் அச்சைப் பிடிக்கத் தனியாகக் கைகள் வேண்டும், அவற்றுக்குப் புஷ் வேண்டும், கோணம் எல்லாம் சரியாக இருக்க வேண்டும். கேஸ் கட்டர், துளை போடும் மெஷின், ஒரு உலை, இவ்வளவுதான் கையில் என்றால் பட்டையைத் தவிர வேறு எதையும் தேர்ந்தெடுப்பவர் முட்டாள்.

ஆனால் பட்டையைக் கட்டுவதிலும் நுணுக்கம் இருக்கிறது. வளைந்த வில் பாரத்தில் நிமிரும்போது நீளம் கூடும். இரண்டு முனையையும் ஆணி அடித்தாற்போலப் பூட்டினால் நிமிர இடமில்லாமல் முறிந்துவிடும். அதனால் முன் முனையை நேராகச் சட்டத்தில் மாட்டி, பின் முனையை ஊஞ்சல் மாதிரி ஒரு ஷாக்கிளில் தொங்க விட வேண்டும். தகட்டின் கனம் ரொம்பவே ஏமாற்றும். கனம் கூடினால் விறைப்பு அதன் மூன்றாம் மடிப்பில் கூடும். ஆறு மில்லிமீட்டர் தகட்டுக்குப் பதில் எட்டு மில்லிமீட்டர் போட்டால் விறைப்பு இரண்டு மடங்குக்கும் மேல் ஆகிவிடும். மூன்று சக்கர வண்டியில் இன்னொரு ஆபத்து. முன்னால் ஒற்றைச் சக்கரம் என்பதால் வண்டி பக்கவாட்டில் சாய்வதை முன்பக்கம் தடுக்கவே முடியாது. முழுப் பொறுப்பும் பின்பக்க இரண்டு வில்களின் தலையில். அவற்றுக்கு நடுவே உள்ள அகலத்தை 60 சென்டிமீட்டரிலிருந்து 90 ஆக்கினால் சாயாமல் நிற்கும் பலம் இரண்டேகால் மடங்கு கூடும். ஆட்கள் அச்சுக்குப் பின்னால் அதிகமாக உட்கார்ந்தால் முன்சக்கரத்தில் பாரம் குறைந்து ஹேண்டில் பேச்சைக் கேட்காது. ‘ஆகே ஆ ஜாவ், ஆகே ஆ ஜாவ்’ என்று டிரைவர்கள் ஆட்களை முன்னால் நெருக்குவது அடுத்த சவாரிக்கு இடம் பிடிக்க மட்டும் இல்லை!

பட்பட்டி ஏன் அந்த ஆட்டு ஆட்டியது என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. முழு பாரத்தில் பட்டை 10 சென்டிமீட்டர் அமுங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டி நொடிக்குச் சுமார் ஒன்றரை தடவை ஆடும். மனித உடம்புக்கு அது தொட்டில். அதே வண்டி காலியாகப் போகும்போது பட்டை நாலு சென்டிமீட்டர்தான் அமுங்கியிருக்கும். ஆட்டம் நொடிக்கு இரண்டரை ஆகிவிடும். அது உரல். ஆறு பேருக்காகக் கட்டிய பட்டையில் தனியாக உட்கார்ந்து போனவர்தான் அதிகமாகத் திட்டியிருப்பார். மெக்கானிக்கின் பார்வையில் அது தப்பே இல்லை. காலி வண்டியில் காசு இல்லையே.

உலகம் முழுக்க பிக்-அப் லாரி செய்கிறவர்களுக்கும் இதே தலைவலிதான். காலியாக ஒரு எடை, ஏற்றியபின் இரண்டு மடங்கு எடை. 1960-ல் அமெரிக்காவில் ஷெவர்லே கம்பெனி தன் பிக்-அப்களில் பட்டையைத் தூக்கிவிட்டு, இரண்டு நீண்ட கைகளும் சுருள் ஸ்பிரிங்கும் வைத்துப் பார்த்தது. சொகுசு நன்றாகவே வந்தது. பிற்காலத்தில் அங்கே ரேஸ் கார்களில் கூட அந்த அமைப்பின் வாரிசைப் பயன்படுத்தினார்கள். ஆனால் நிறைய பாரம் ஏற்றுகிறவர்கள் பட்டையை விடவில்லை. இன்றைக்கு அங்கே ஐம்பது, அறுபது வருஷப் பழைய பிக்-அப்களை வாங்கி, பின்னால் பட்டையைக் கழற்றி, நாலு கை வைத்து, காற்றுப் பை மாட்டி, சட்டத்தை வெட்டித் தாழ்த்தி ஓட்டுவது ஒரு பெரிய பொழுதுபோக்கு. சனிக்கிழமை வேலை. கைப்பணம் செலவழித்துச் செய்வது. நம் ஆட்கள் செய்தது திங்கள்கிழமைக்கு அரிசி வாங்க. வேலை என்னவோ ஒன்றுதான்.

சாமான் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், தில்லிக்கு அதில் பஞ்சமே இல்லை. கஷ்மீரி கேட்டில் மோட்டார் பாகங்கள் சந்தை. மோதியா கானில் பழைய இரும்புக் கடைகள், அவற்றை 1970-களில் மாயாபுரிக்கு நகர்த்தினார்கள். (2010 ஏப்ரலில் கோபால்ட்-60 கதிர்வீச்சு வெளிப்பட்டு ஒருவர் உயிரிழந்தாரே, அதே மாயாபுரிதான். பழைய இரும்பில் எது வரும் என்று யாருக்குத் தெரியும்.) சென்னைக்காரர்களுக்கு விளக்க ஒரே வார்த்தை போதும்: புதுப்பேட்டை. தேய்ந்துபோன பட்டைக்கும் இரண்டாவது வாழ்வு உண்டு. அந்த எஃகில் சிலிக்கான் அல்லது குரோமியம் சேர்ந்திருக்கும், பதம் வைத்தால் கூர் நிற்கும். தில்லிச் சாலையோரங்களில் உலை போட்டிருக்கும் காடியா லோஹார் கொல்லர்களும், நம் தென்மாவட்டத்துக் கொல்லுப் பட்டறைகளும் இதை விட்டு வைப்பதில்லை. எங்கள் பக்கத்தில் நல்ல அரிவாள் என்றால் “லாரிப் பட்டையில அடிச்சதா?” என்றுதான் முதல் கேள்வியே வரும்.

வருஷங்கள் போகப் போக ஹார்லி இன்ஜின்களுக்குச் சாமான் கிடைப்பது குதிரைக் கொம்பாயிற்று. பல வண்டிகளில் இன்ஜினையே எடுத்துவிட்டு டீசல் இன்ஜினை உட்கார வைத்தார்கள். வெளியே பார்த்தால் ஹார்லி, உள்ளே வயல்வெளி பம்புசெட்டின் சொந்தக்காரன். அதன் அதிர்வைத் தாங்க பின்பாதியையும் மாற்றிக்கொண்டே இருந்திருப்பார்கள். கடைசியில் எந்த வண்டியிலும் மில்வாக்கியில் செய்தது எவ்வளவு, தில்லியில் செய்தது எவ்வளவு என்று எடை போட்டால் தில்லிப் பங்குதான் தாழ்ந்து நின்றிருக்கும்.

பிறகு 1998. எம்.சி. மேத்தா 1985-ல் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் ஜூலை 28 அன்று உத்தரவு போட்டது. பழைய பஸ், டாக்ஸி, ஆட்டோ எல்லாம் சுத்தமான எரிபொருளுக்கு மாற வேண்டும், மொத்த பஸ்களும் 2001 மார்ச் 31-க்குள் சி.என்.ஜி. ஆக வேண்டும். (நடைமுறையில் அது 2002 கடைசி வரை இழுத்தது.) பதினைந்து வயசு தாண்டிய வணிக வாகனங்களும் அந்த வருஷமே சாலையை விட்டுப் போயின. ஐம்பது வயசான பட்பட்டிக்கு எந்த வழியும் இல்லை. போயிற்று. அந்த வழித்தடங்களில் வேன்கள் வந்தன. ‘பட்பட் சேவா’ என்ற பெயர் மட்டும் அந்த வேன்களின் நெற்றியில் ஒட்டிக்கொண்டது.

இதைப் பற்றி ஏங்கி எழுதுவது எளிது. எனக்குக் கை வரவில்லை. தீபாவளிக்கு அடுத்த வாரங்களில் துவாரகாவில் எங்கள் வீட்டு ஜன்னலைத் திறக்க முடியாது, எதிர் ஃப்ளாட் தெரியாது, சின்னவளுக்கு நெபுலைசர் வைத்துக்கொண்டு ராத்திரி உட்கார்ந்திருப்போம். தில்லியில் குழந்தை வளர்க்கும் உங்களில் பாதிப் பேர் வீட்டில் இதே கதைதான் என்று தெரியும். அந்தப் புகையைக் கக்கிய வண்டி போக வேண்டியதுதான். ஆனால் வண்டியை நிறுத்துவதும், அதைச் செய்த கையின் நினைவைத் துடைப்பதும் ஒன்றில்லையே.

இன்றைய சட்டத்தைப் பாருங்கள். 2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்கென்று தனிப் பதிவு கொண்டுவந்தது. முதல் பதிவாகி 50 வருஷம் தாண்டியிருக்க வேண்டும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். நல்ல காரியம்தான். ஆனால் நிபந்தனை என்ன? வண்டி ஆதி வடிவத்தில் இருக்க வேண்டும், சட்டம், உடம்பு, இன்ஜினில் பெரிய மாற்றம் கூடாது. அதோடு, விதி சொல்வது இரண்டு சக்கரம், நான்கு சக்கரம். மூன்று சக்கரம் கணக்கிலேயே இல்லை! ராணுவக் கிடங்கில் தூங்கி, யாரும் தொடாமல் இருந்த டபிள்யூ.எல்.ஏ. பாரம்பரியச் சின்னம். ஐம்பது வருஷம் தில்லியைச் சுமந்த டபிள்யூ.எல்.ஏ. வெறும் பழைய இரும்பு.

சாதாரண வண்டியில் கை வைப்பதும் சிரமம்தான். தயாரிப்பாளர் சொன்ன விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் ஒரு கேரள வழக்கில் சொல்லிவிட்டது. வட இந்தியக் கிராமங்களில் பம்புசெட் இன்ஜினில் ஓடும் ‘ஜுகாட்’ வண்டிகளும் மோட்டார் வாகனம்தான், விதிக்கு உட்படாமல் ஓடக் கூடாது என்று 2013-லேயே தீர்ப்பு வந்தது. ஒரு எஞ்சினியராக இதற்கு நான் எதிர்ப்பு சொல்ல மாட்டேன். கையால் மாற்றிய பட்டை முறிந்தால் அச்சு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு வண்டி கவிழும். யார் சோதித்தார், எவ்வளவு பாரத்துக்கு என்று கேட்க ஆள் வேண்டும். நம் சென்னையில் மோட்டார் பூட்டிய மீன்பாடி வண்டியைப் போலீஸ் பிடிப்பதும், அடுத்த வாரம் அது மறுபடி ஓடுவதும் இதே சிக்கல்தான். எனக்கு இருக்கும் குறை, சோதித்துச் சான்று வாங்க அந்த மெக்கானிக் போய் நிற்கக்கூடிய வாசல் எதையும் நாம் கட்டவில்லை என்பதுதான். பெரிய கம்பெனிகளுக்குச் சோதனைக் கூடங்கள் இருக்கின்றன. ஒரு வண்டி செய்கிறவருக்கு?

நம் குடும்பங்களுக்கும் இது தூரத்து விஷயம் இல்லை. அப்பாவின் புல்லட்டை, பழைய மாருதியை ஊரிலிருந்து ரயிலில் ஏற்றிக் கொண்டுவந்தவர்கள் இங்கே எத்தனை பேர்! தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014, 2015-ல் போட்ட உத்தரவுகளால் தில்லியில் டீசலுக்கு 10, பெட்ரோலுக்கு 15 வருஷம் என்று ஆயுள் குறிக்கப்பட்டது. 2018-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2025 ஜூலையில் பெட்ரோல் பங்கிலேயே எரிபொருள் தரக் கூடாது என்று ஆரம்பித்து, சில நாளில் நிறுத்தி வைத்தார்கள். ஆகஸ்டில் கடும் நடவடிக்கை வேண்டாம் என்ற உச்ச நீதிமன்றம், டிசம்பரில் அந்தப் பாதுகாப்பை பி.எஸ்.-4-ம் அதற்குப் பிந்தைய வண்டிகளுக்கும் மட்டும் என்று சுருக்கியது. அப்பாவின் புல்லட்டுக்கு அதில் இடமில்லை. தடையில்லாச் சான்று வாங்கி ஊருக்கே திருப்பி அனுப்பிவிடுவதுதான் நல்லது. திருநெல்வேலியில் அதற்கு இன்னும் ஓட்டம் இருக்கிறது.

ஹார்லியும் ஒரு வழியாக இந்தியாவுக்கு முறைப்படி வந்தது. 2007-ல் நம் மாம்பழத்தை அமெரிக்கா அனுமதிக்க, அவர்கள் பைக்கை நாம் அனுமதித்தோம். பின்னர் ஹரியானாவில் பூட்டினார்கள். 2020-ல் கடையைக் கட்டி ஹீரோ கம்பெனியிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். ‘இந்தியாவுக்கு ஹார்லி வந்தாச்சு’ என்ற அந்த நாளைய விளம்பரங்களைப் பார்த்து கரோல்பாக் மாமாக்கள் என்ன நினைத்திருப்பார்களோ.

சாந்தினி சௌக் பிரதான வீதியில் 2021-லிருந்து பகல் நேரத்தில் மோட்டார் வண்டியே கிடையாது. வீதி முனையில், செங்கோட்டை மெட்ரோ வாசலில் இ-ரிக்‌ஷாக்கள் வரிசை கட்டி நிற்கும். 2014 ஜூலையில் உயர் நீதிமன்றம் தடை செய்து, 2015-ல் சட்டத்தைத் திருத்திச் சேர்த்துக்கொண்ட வண்டிகள் இவை. முன்னால் ஒற்றைச் சக்கரம், பின்னால் டிஃபரென்ஷியல் அச்சு, நாலு பேருக்கு அனுமதி. புகை இல்லை, சத்தமும் இல்லை. அடுத்த முறை பராட்டா சாப்பிடப் போகும்போது ஒரு நிமிஷம் குனிந்து அதன் பின்னால் அடியில் பாருங்கள். பக்கத்துக்கு ஒரு வில் இருக்கும். பட்டைகளை எண்ணுங்கள். மற்ற பட்டைகளோடு நிறம் ஒட்டாமல் கடைசியில் ஒன்று புதிதாகச் சொருகியிருந்தால், அந்த வண்டி நாலு பேரோடு நிற்பதில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.